பூங்கனியின் இரண்டு கன்னங்கள்

அன்று காலையிலிருந்தே பூங்கனிக்குக் கன்னம் நடுங்கியது. பயந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், கால் நடுங்கும். கன்னம் நடுங்குவது இராஜாக்கமங்கலத்திலேயே அவளுக்கு மட்டும்தான்.

எல்லாம் அவள் அண்ணன் சத்தியநேசனால் வந்தது. திருவனந்தபுரத்தில் இண்டர்மீடியட் படித்த அவன், பாடமாகப் பிரெஞ்சு எடுத்திருந்தான். லீவுக்கு வந்தவன் அடுக்களையில் உட்கார்ந்து, பிரான்சைப் பற்றி வகுப்பே நடத்தினான்.

"பாரீசில ரொட்டி கைத்தடி நீளம் இருக்கும். கக்கத்துல இடுக்கிட்டுப் போவாவ. பொம்பளைய தனியா சைக்கிள்ல போவாவ. ஆளைப் பார்த்தா ரெண்டு கன்னத்திலயும் முத்தம் குடுப்பாவ."

சைக்கிள் வரைக்கும் எல்லாரும் சந்தோஷமாகக் கேட்டார்கள்.

"ஆரைப் பார்த்தாலுமா?" என்றாள் நேசபாய் அத்தை.

"பாடத்துல அப்படித்தான் இருக்கு. எங்க பிரெஞ்சு டீச்சர் மதாம் மர்செல் இன்னைக்குக் கன்னியாகுமரிக்குப் போறாவ. வழியில நம்ம வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்."

அத்தையின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. அவள் பூங்கனியை ஓரமாக இழுத்துப் போனாள்.

"முத்தம் பட்ட கன்னம் பிரெஞ்சுக் கன்னமா ஆயிரும் மக்கா. அப்புறம் அந்தப் பக்கத்துப் பல்லால மரச்சீனிக் கிழங்கு மெல்ல முடியாது. கொளச்சல்ல ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு. ரொட்டி மட்டுந்தான் உள்ள இறங்குது."

அத்தை பொய் சொல்லமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் வரிசையில் உட்காருகிறவள்.

மரச்சீனி என்றால் பூங்கனிக்கு உயிர். நாக்கால் இரண்டு கன்னங்களையும் உள்ளேயிருந்து தடவிப் பார்த்துக்கொண்டாள். இன்னும் தமிழாகத்தான் இருந்தன.

வாசலில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. அப்பா வைக்கோல் போருக்குப் பின்னால் போனார். அம்மாவும் அத்தையும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. "கூப்பிட்டுட்டு எல்லாரும் ஒளிஞ்சா அவிய மனசு என்ன பாடுபடும்? நான் எந்த மூஞ்சியோட வகுப்புக்குப் போவேன்? ஏட்டி, நீயாவது நில்லு."

அவன் கண் கலங்கியிருந்தது. அதனால் பூங்கனி ஓடவில்லை. யோசித்தாள்.

முற்றத்தில் அப்பா சீவி வைத்த நுங்குக் காய்கள் ஓலைப்பெட்டி நிறைய இருந்தன. நுங்கு குடிக்க இரண்டு கையும் வேண்டும், வாயும் வேண்டும்.

தொப்பி போட்ட மதாம் வண்டியை விட்டு இறங்கியதும், பூங்கனி ஒரு காயை அவர் கையில் திணித்தாள். பெருவிரலை உள்ளே விட்டு உறிஞ்சும் விதத்தையும் செய்து காட்டினாள். மதாம் உறிஞ்சினார். சாறு முழங்கை வரை வழிந்தது. முடிப்பதற்குள் அடுத்த காய் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. மதாமுக்கு மூச்சு வாங்கியது.

பெட்டி காலியாயிற்று.

மதாம் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். பூங்கனி கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மெல்லத் திறந்து பார்த்தாள். மதாம் கைகூப்பி நின்றார். கூப்பிய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணே, முத்தம் எங்கேன்னு கேளு," என்றாள் பூங்கனி.

அண்ணன் பிரெஞ்சில் கேட்டான். மதாம் சிரித்துவிட்டுப் பதில் சொன்னார். அண்ணன் தலையைச் சொறிந்தான்.

"புதுசாப் பார்க்கிறவியளுக்கு அங்கேயும் கைதான் குடுப்பாவளாம். முத்தம் சொந்தக்காரவியளுக்கும் சிநேகிதவியளுக்கும்தானாம். எங்க வகுப்புல அந்தப் பாடம் பாதிதான் முடிஞ்சிருக்கு. இங்க எதைத் தொட்டா தப்போன்னு இவிய வழியெல்லாம் பயந்துட்டே வந்தாவளாம்."

"அவிய வீட்டுல என்னை மாதிரி பிள்ளை உண்டுமா?"

அண்ணன் மறுபடியும் கேட்டான். இம்முறை மதாம் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார்.

"அக்கா மகள் இருக்காளாம். கப்பல் ஏறின பிறகு முத்தம் குடுக்க ஆளே இல்லியாம்."

பூங்கனி பாவாடையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ஒரு கன்னம் போனாப் போட்டும். மத்தப் பக்கத்தால மெல்லலாம்," என்று முணுமுணுத்தபடி வலது கன்னத்தை நீட்டினாள்.

முத்தம் நுங்குபோலக் குளிர்ச்சியாக இருந்தது. மதாமின் கண்கள் நனைந்திருந்தன. பூங்கனி ஒரு கணம் யோசித்தாள். பிறகு யாரும் சொல்லாமலே இடது கன்னத்தையும் திருப்பினாள்.

அடுக்களைக் கதவு திறந்தது. முகம் கழுவிப் பவுடர் பூசிய நேசபாய் அத்தை, பூங்கனிக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றாள்.