சொல்றேன், இருங்க

போலீஸ் ஜீப்பின் மேல் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தச் சிவப்பு பனியில் எங்குமே படவில்லை. வண்டியை ஓரங்கட்டும்போதே அவளுக்கு அது உறுத்தியது. பொழுது சாய்கிற நேரம். ஏரியை ஒட்டிய சாலையில் வேறு நடமாட்டம் இல்லை. பாட்டு வகுப்பு முடிந்து மகள் வாசலில் காத்திருப்பாள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். போலீஸ் கைகாட்டினால் என்ன செய்வது என்பதும் அவள் பாடத்தில் உண்டு. எஞ்சினை அணை, உள்விளக்கைப் போடு, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வை, எதிர்த்துப் பேசாதே. வக்கீல் தம்பிக்கு இதைக் கேட்டால் சிரிப்பு தாங்காது. "நீ டிரைவரை உருவாக்கறியா, தலையாட்டி பொம்மையை உருவாக்கறியாக்கா? எதுக்கு நிறுத்தினீங்கன்னு கேட்டா குடியா முழுகிடும்?"

ஜன்னலில் ஒரு தொப்பி குனிந்தது. அதன் நிழலில் முகம் தெரியவில்லை. பல நாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்ததுபோல ஒரு வாடை.

"லைசென்ஸ்."

கொடுத்தாள். "எதுக்கு சார் நிறுத்தினீங்க?"

"சொல்றேன், இருங்க. ஸ்டீயரிங்ல இருந்து கையை எடுக்காதீங்க."

அதட்டல் இல்லை. தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோன்ற குரல். "உங்க பேரு சார்?" என்று அவள் கேட்பதற்குள் அவர் முன்பக்கமாக நடந்துவிட்டார். சரளைக்கல்லில் பூட்ஸ் நொறுங்கும் ஓசை கொஞ்சதூரம் போய், ஒரு காலடியின் நடுவிலேயே அறுந்தது.

காத்திருந்தாள். சூடு ஆறும் எஞ்சின் எங்கோ உள்ளே டிக் டிக்கென்று விரல் சொடுக்கிக்கொண்டிருக்க, ஏரியின் பாசி நாற்றம் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்து சீட்டிலும் உடுப்பிலும் முடியிலும் படிய, வெளியே வெள்ளையாக இருந்த பனி சாம்பலாகி, சாம்பல் மெல்லக் கறுத்தது.

பக்கத்து சீட்டில் போன் அடித்தது. மகள். கையை நீட்டினாள். கண்ணாடியைத் துளைத்து டார்ச் வெளிச்சம் அந்தக் கையின்மேல் மட்டும் விழுந்தது.

"கை."

காதருகில் கேட்டது. வெளியே யாரும் இல்லை.

கை தானாகவே ஸ்டீயரிங்குக்குத் திரும்பியது. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இருட்டப்போகிறது, குழந்தை தெருவில் தனியாக நிற்கிறாள். போதும், பொறுத்தது போதும். உள்ளங்கைகள் பிசினைத் தொட்டதுபோல் சற்று ஒட்டிக்கொண்டு வந்தன. வியர்வை என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினாள்.

ஜீப்பைக் காணோம். முன்னால் ஒரு கார். அதற்கு முன்னால் இன்னொன்று. பனிக்குள் கண்ணுக்கெட்டியவரை கார்கள். ஒவ்வொன்றிலும் உள்விளக்கு மங்கலாக எரிந்தது. முதல் காரில் ஒரு பெரியவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, உங்களையும் நிறுத்திட்டாரா?"

"ஆமாம்மா." திரும்பவில்லை. "சொல்றேன்னு போயிருக்கார். இதோ வந்துடுவார்."

"எப்போ போனார்?"

பெரியவரின் கண்கள் மட்டும் மேலே கண்ணாடியில் தெரிந்த தன் நரைமுடிக்குப் போயின.

"அப்போ எனக்கு முடி கறுப்பு."

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். விரல்கள் எங்கே முடிந்தன, ஸ்டீயரிங் உறை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. புறங்கை நரம்புகள் புடைத்து ஓடி, கறுப்பு உறைக்குள் இறங்கி, வளையம் முழுக்கச் சுற்றியிருந்தன. துடித்துக்கொண்டிருந்தன.

ஓடினாள்.

கதவு. பூட்டு. சாவி. வலது கை திருகியது. எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. அப்பாடா. கியர். கியர் போட இடது கையை எடுத்தாள்.

வரவில்லை.

எப்போது அங்கே வைத்தாள்? பழக்கம். உட்கார்ந்ததும் தானாகப் போன கை.

இழுத்தாள். உறையும் சேர்ந்து எழும்பியது. சூடாக. மெத்தென்று. வலது கையால் பிடித்து நெம்பினாள். அதுவும் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

போன் அடித்தது. மகள்.

டார்ச் வெளிச்சம் வந்து இரண்டு கைகளின்மேலும் அமர்ந்தது. அசையவில்லை.

அவள் குனிந்தாள். விரல்களுக்கு அப்பால், வெறும் உறை தெரிந்த இடத்தில், பல் பதியக் கடித்தாள்.

சுளீரென்று வலித்தது.

உறையிலிருந்து ரத்தம் கசிந்து மடியில் சொட்டியது.