இறங்கும்முன் தெளிக்கவும்

"மூச்சு விடுங்க, சார்... ஒண்ணே ஒண்ணு..."

லோசா இரண்டு உள்ளங்கைகளையும் அடுக்கி அவர் மார்பில் வைத்து அழுத்தினாள்.

அழுத்தினாள்.

மறுபடி அழுத்தினாள்.

விமானத்தின் நடைபாதையில் மல்லாந்து கிடந்தார் அந்தப் பெரியவர். உதடுகள் நீலம். கண்கள் பாதி திறந்திருந்தன. வலது கையில் ஒரு இன்ஹேலர்... விரல்கள் அதை விடவே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே ஆக்லாந்தை ஒட்டிய மானுகாவ் துறைமுகத்தின் சேற்று நீர் வேகமாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

ஸ்பீக்கரில் கேப்டன் குரல். "பணியாளர்கள் உட்காரவும். தரையிறங்குகிறோம்."

"அக்கா, உட்காரு." பின்வாசல் இருக்கையில் பெல்ட் மாட்டியிருந்த கீரன் கத்தினான். லோசாவோடு வேலை பார்க்கும் இன்னொரு பணியாளன். "சக்கரம் தொடும்போது மண்டி போட்டுட்டிருந்தா நீயும் பறப்பே."

"கையை எடுத்தா இவர் போயிடுவார்டா."

"அவர் எப்பவோ போயிட்டார் அக்கா."

சக்கரம் தரையைத் தொட்டது. லோசா தூக்கி எறியப்பட்டாள். நாற்காலியின் இரும்புக் கால் நெற்றியில் மோதிக் கிழித்தது.

எழுந்து வந்தாள். மறுபடி மார்பில் கை வைத்தாள்.

கீரன் சொன்னது சரி.

மூன்றாம் வரிசைப் பயணி கார்மடி இறந்துவிட்டார்.

*

ஆக்லாந்து விமான நிலையத்தில் கதவு திறந்ததும் டாக்டர் ஏறினார். நாடி பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

அவர் முதுகுக்குப் பின்னாலேயே கிளைவ் ஏறினார். உயிரிப் பாதுகாப்பு இலாகா அதிகாரி. வெளியூர்ப் பூச்சி ஒன்றுகூட நியூசிலாந்து மண்ணில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்குபவர்.

"மருந்து டப்பா ரெண்டையும் குடும்மா."

லோசா ரத்தம் வழிய நிமிர்ந்தாள். "சார், இங்க ஒருத்தர் செத்துக் கிடக்கார்."

"பார்த்தேன். பாவம். டப்பாவைக் குடுத்தாத்தான் உயிரோட இருக்கறவங்களை இறக்க முடியும்."

தீவுகளிலிருந்து வரும் விமானம் இறங்கத் தொடங்கும்போது, பணிப்பெண் பயணிகளின் தலைக்கு மேலே இரு கைகளையும் தூக்கி, இரண்டு டப்பாக்களிலிருந்து பூச்சி மருந்து அடித்தபடி நடக்க வேண்டும். சட்டம். காலி டப்பாவை இவரிடம் காட்ட வேண்டும். அதுவும் சட்டம்.

லோசா அவர் முகத்தைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

கிளைவ் அடியில் இருந்த நம்பரைப் பார்த்தார். தலையாட்டினார். பைக்குள் போட்டுக்கொண்டார்.

பயணிகள் பிணத்தைத் தாண்டித் தாண்டி இறங்கினார்கள். ஒருவர் மட்டும் இறங்கவில்லை.

வாரன் ஸ்டாக்டேல். டெர்ன் ஏர்வேஸின் இயக்க மேலாளர். எந்த ஊருக்கு எந்த விமானம் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர். கார்மடிக்குப் பக்கத்து இருக்கையில்தான் வந்தார்.

"பயப்படாதே கண்ணு." லோசாவின் தோளில் கை வைத்தார். "கம்பெனி உன்னைக் கைவிடாது."

அந்தக் கையின் கனம் லோசாவுக்குப் பிடிக்கவில்லை.

*

டிடெக்டிவ் சார்ஜென்ட் ஹோஹேபா கையில் பாதி தின்ற கறி பஃப்ஸோடு ஏறினார். ஆள் பெரிய உருவம். நடைபாதையில் பக்கவாட்டாகத்தான் நடக்க முடிந்தது.

போர்வை மூடிய உடலைப் பார்த்ததும் பஃப்ஸைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டார். தலை குனிந்து தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு எதிர் வரிசையில் உட்கார்ந்தார்.

"சொல்லு தங்கச்சி. யார் இவர்?"

"கார்மடி சார். அரசாங்கத்து விமானப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர். எங்க விமானங்களைச் சோதனை போடத்தான் சமோவா வந்தார்."

"ஆஸ்துமாவா?"

"கடுமையான ஆஸ்துமா. ஏறும்போதே கேட்டார்... இந்த விமானத்துல மருந்து அடிப்பீங்களான்னு."

"நீ?"

"சட்டம் சார்னேன். தெரியும், அந்தச் சட்டத்தை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன்னு சிரிச்சார்."

ஹோஹேபா புருவத்தைச் சொறிந்தார். "மருந்து ஒத்துக்காதுன்னு தெரிஞ்சவர் எதுக்கு இந்த விமானத்துல ஏறினார்?"

கீரன் குறுக்கிட்டான். "அவர் டிக்கெட் போட்டது புது விமானத்துக்கு சார். அதோட சுவர், கம்பளம் எல்லாத்துலயும் முன்னாடியே மருந்து பூசியிருக்கும். தலைக்கு மேல அடிக்க வேண்டியதில்லை. காலையில திடீர்னு மாத்திட்டாங்க. இந்தக் கிழட்டு வண்டி வந்துது."

"யார் மாத்தினது?"

"நான்தான்." ஸ்டாக்டேல் அமைதியாகச் சொன்னார். "புதுசுல ஒரு கோளாறு. விமானத்தை மாத்தறது என் வேலை, நண்பா. தினமும் மாத்தறேன். இதுவரைக்கும் அதுக்காக யாரும் செத்ததில்லை."

"நீங்க பக்கத்துல இருந்தீங்க. என்ன பார்த்தீங்க?"

"எல்லாத்தையும்." ஸ்டாக்டேல் பெருமூச்சு விட்டார். "இந்தப் பொண்ணு ரெண்டு கையையும் தூக்கிட்டு வந்தா. முன்னாடி அறிவிப்பு சொல்லணும், சொல்லலை. கார்மடி தலைக்கு நேர் மேல வந்து அழுத்திட்டு நின்னா. பனி மாதிரி இறங்கிச்சு. எனக்கே தொண்டை எரிஞ்சுது, கண்ணுல தண்ணி வந்துது. ஆஸ்துமாக்காரன் என்ன பண்ணுவான்?"

"அறிவிப்பு சொன்னேன்." லோசாவின் குரல் எழும்பவே இல்லை.

"எனக்குக் கேட்கலையே கண்ணு."

"பழைய விமானம் சார்," என்றான் கீரன். "முன்பக்க ஸ்பீக்கர் பாதி நேரம் வேலை செய்யாது."

"பாவம், நல்ல மனுஷன்." ஸ்டாக்டேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சமோவாவுல இன்ஹேலரைத் தொலைச்சுட்டுத் தவிச்சார். ஓய்வறை பூராத் தேடி எடுத்துக் கொடுத்ததே நான்தான். அது இருந்தும் பிழைக்கலை பாருங்க."

ஹோஹேபா லோசா பக்கம் திரும்பினார்.

"மருந்து அடிச்சியா தங்கச்சி?"

"வழக்கம் போலத்தான் நடந்தேன் சார். ரெண்டு கையையும் தூக்கிட்டு."

"யாராவது பார்த்தாங்களா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. மருந்து வருதுன்னாலே எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்க. மூக்குல துணியை வெச்சுக்குவாங்க. என்ஜின் சத்தத்துல எதுவும் கேட்காது."

ஸ்டாக்டேல் அவள் காதருகே குனிந்தார். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

"அறிவிப்பு சொல்ல மறந்துட்டேன்னு ஒத்துக்கோ. கவனக்குறைவு, அவ்வளவுதான். வக்கீலை நான் பார்த்துக்கறேன். ஒத்துக்கலைன்னா நீ தனி ஆள். இங்க வேலை செய்ய உனக்கு இருக்கிற அனுமதியே கம்பெனி கொடுத்தது... ஞாபகம் இருக்கா?"

லோசா போர்வையைப் பார்த்தாள்.

ஒத்துக்கொண்டால் ஒரு மனிதனைக் கொன்றவள். வாய் திறந்து உண்மையைச் சொன்னால்...

அதை நினைக்கவே பயமாக இருந்தது.

"ஒத்துக்க..." என்று ஆரம்பித்தாள்.

பட்!

ஹோஹேபா தன் கழுத்தில் தானே அறைந்துகொண்டார்.

உள்ளங்கையைப் பார்த்தார். நசுங்கிய கொசு. கொஞ்சம் ரத்தம்.

"சனியன்," என்றார். துடைக்கப் போனார்.

துடைக்கவில்லை.

*

"கிளைவ், கொஞ்சம் வாங்க."

வாசலில் நின்றிருந்த கிளைவ் வந்து பார்த்தார். முகம் வெளிறியது. "காலைப் பாருங்க... வெள்ளை வரி. இது நம்ம ஊர்க் கொசு இல்ல. தீவுக் கொசு. டெங்கு ஜாதி."

"இப்பத்தான் மருந்து அடிச்ச விமானம். மனுஷன் செத்துட்டார். கொசு சாகலை." ஹோஹேபா மெதுவாகக் கேட்டார். "எப்படி?"

கிளைவ் பைக்குள் கை விட்டார். ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கினார்.

உள்ளே திரவம் தளும்பியது.

இரண்டாவதையும் குலுக்கினார். அதுவும் தளும்பியது.

"நிறைய இருக்கு," என்றார் கரகரத்த குரலில். "ரெண்டும் முழுசா இருக்கு. நான்... நம்பரை மட்டும்தான் பார்த்தேன்."

எல்லோரும் லோசாவைப் பார்த்தார்கள்.

"நான் அடிக்கலை," என்றாள் லோசா.

"கண்ணு, வாயை மூடு..."

"அடிக்கலை சார். பொத்தான் மேல விரலை வெச்சுட்டு சும்மா நடந்தேன். அவரைப் பார்க்கப் பாவமா இருந்துது. அப்புறமாக் கழிவறையில போய் டப்பாவைக் காலி பண்ணிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவர் விழுந்துட்டார்."

ஹோஹேபா எழுந்தார். நடைபாதை முழுக்க அவரே நிறைந்தார்.

"திரு. ஸ்டாக்டேல். பனி மாதிரி இறங்கிச்சுன்னீங்க."

"நான்... நானும் கண்ணை மூடியிருந்தேன். பிரமையா இருக்கும்."

"தொண்டை எரிஞ்சுதே?"

"பழக்கதோஷம்."

"இருக்கலாம். ஆனா மருந்தே அடிக்காத விமானத்துல அவர் நெஞ்சுக்குள்ள போனது ஒண்ணே ஒண்ணுதான்." ஹோஹேபா கையுறை மாட்டினார். போர்வையை விலக்கினார். இறந்தவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இன்ஹேலரை எடுத்தார். "தேடி எடுத்துக் கொடுத்தீங்களே... இது."

அதை ஸ்டாக்டேலின் வாயருகே நீட்டினார்.

"தொண்டை எரியுதுன்னீங்க. ஒரே ஒரு இழுப்பு இழுங்க. சரியாப் போயிடும்."

ஸ்டாக்டேல் பின்னால் துள்ளினார். மேலே இருந்த பெட்டித் தட்டில் மண்டை இடித்தது. இரண்டு கைகளும் வாயைப் பொத்திக்கொண்டன.

"எடுங்க அதை... கிட்ட கொண்டு வராதீங்க!"

ஹோஹேபா இன்ஹேலரை உறைக்குள் போட்டு ஒட்டினார்.

"உள்ள என்ன போட்டீங்கன்னு ஆய்வுக்கூடம் சொல்லட்டும். ஆஸ்துமாக்காரர், பூச்சி மருந்து, பழி சுமக்க ஒரு தீவுப் பொண்ணு. யாரும் இன்ஹேலரைச் சந்தேகப்பட மாட்டாங்க. அதுக்காகத்தான் விமானத்தை மாத்தினீங்க. நல்ல திட்டம்தான். எதுக்கு?"

ஸ்டாக்டேலுக்குப் பதிலாக லோசா பேசினாள்.

"டீ கொடுக்கும்போது கேட்டேன் சார். திங்கள்கிழமை உன் பழைய விமானம் மூணும் தரையில நிக்கும், நேத்தே சொன்னேனேன்னு கார்மடி சார் இவர்கிட்ட சொன்னார்."

"ஏன்? என்னத்தைக் கண்டுபிடிச்சார்?"

"அது சொல்லலை."

"எங்கேயாவது எழுதியிருப்பார்."

"இல்ல சார். வீட்டுக்குப் போய், மனைவியோட உட்கார்ந்து ஒரு டீ குடிச்சுட்டுத்தான் எழுத ஆரம்பிப்பாராம். வழியில எழுதினா கோபத்துல எழுதிடுவேன்னார்."

வாயிலிருந்து கையை எடுத்தார் ஸ்டாக்டேல். முதன்முறையாகச் சிரித்தார்.

"அப்ப மூணும் பறக்கும்," என்றார். "என்னைத் தூக்கி உள்ள போடுங்க. என் பார்ட்னர்கள் பறக்க விடுவாங்க. போன வருஷம் சோதனை போட்டவங்க எல்லாரும் விமானம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. கோளாறு எங்கேன்னு தெரிஞ்சவன் அதோ கிடக்கான்."

விலங்கு மாட்டி இறக்கும்போதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

*

உடலையும் இறக்கிவிட்டார்கள். நடைபாதையில் போர்வை மட்டும் கிடந்தது. லோசா அதை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"உன்னாலதான் அவன் மாட்டினான் தங்கச்சி," என்றார் ஹோஹேபா. "நீ மருந்து அடிச்சிருந்தா, கார்மடியைக் கொன்னது நீதான்னு கேஸ் முடிஞ்சிருக்கும்."

லோசா நிமிரவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியலை." அவர் குரல் தணிந்தது. "ஆஸ்துமா வந்தாத்தானே இன்ஹேலரை இழுப்பாங்க? மருந்தே காத்துல இல்லையே. அவர் எதுக்கு இழுத்தார்?"

லோசா போர்வையை இருக்கையில் வைத்தாள்.

"என்னைப் பார்த்துதான்."

"என்ன?"

"நான் கையைத் தூக்கிட்டு வந்தேன். அவர் டப்பாவைப் பார்த்தார். மருந்து வருதுன்னு நினைச்சு, முன்ஜாக்கிரதையா இன்ஹேலரை எடுத்து வாயில வெச்சார்." நெற்றிக் காயத்தில் ரத்தம் உறைந்திருந்தது. "இழுக்கறதுக்கு முன்னாடி என்னைப் பார்த்து, பரவாயில்லைங்கற மாதிரி சிரிச்சார் சார்."

"அடிக்க மாட்டேன்னு அவர் காதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"குனிஞ்சேன். சொல்ல வாயெடுத்தேன்."

"அப்புறம்?"

"அவர் இன்ஸ்பெக்டராச்சே. சட்டத்தை மீறினேன்னு என் மேலயே எழுதிடுவாரோன்னு பயந்துட்டேன்."

அப்போது கண்ணாடிக்கு வெளியே டெர்ன் ஏர்வேஸின் இன்னொரு பழைய விமானம் ஓடுபாதையை நோக்கி உருண்டது. ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டே போனது.

லோசா கையாட்டவில்லை. ஹோஹேபா மட்டும் ஆட்டினார்.

கிளைவ் தொண்டையைச் செருமினார். "அம்மா, உன் வேலை அனுமதியை நிறுத்தி வைக்கணும். மருந்து அடிக்காததுக்கு வழக்கும் உண்டு. கொலைகாரனைப் பிடிச்சுக் குடுத்தா எங்க இலாகாவுல சலுகை கிடையாது. சார், அந்தக் கொசு எனக்கு வேணும். கோர்ட்டுல முக்கியமான சாட்சி."

ஹோஹேபா உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"அப்ப முதல்ல என் மேல வழக்குப் போடுங்க," என்றார். "சாட்சியைப் போலீஸே அடிச்சுக் கொன்னுடுச்சுன்னு."