ஒரு கம்பி, இரண்டு காது

வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஜெபராணி ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தாள். புருஷன் செல்வின் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் காலையிலும் அதே மெட்டு. அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

தூத்துக்குடியில் மட்டுமில்லை, உலகத்தில் எங்குமே யாரும் முணுமுணுப்பதில்லை. முணுமுணுக்க என்ன இருக்கிறது? குழந்தைக்குக் காது குத்தும்போதே செவிப்பொட்டு வைத்துவிடுகிறார்கள். அது நாடியைப் பார்த்து, மனசைப் பார்த்து, அந்தந்த நொடிக்கு இசையமைத்து அவரவர் காதுக்குள் மட்டும் ஊற்றும். தன்னிசை என்று பெயர். ஒரு தடவை வந்த மெட்டு மறுபடி வராது. ஒருத்தருக்கு வந்தது இன்னொருத்தருக்கு வராது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தலையணையில் படுத்தாலும் பாட்டு வேறு வேறுதான்.

அப்படியிருக்க, இவள் எப்படி ஒரே மெட்டை இரண்டு நாள் முணுமுணுத்தாள்?

விடை படகில் கிடைத்தது. கடல் ஏறி வந்து பாதி ஊரைத் தின்ற பிறகு எல்லோரும் படகில்தான் வேலைக்குப் போகிறார்கள். முன் இருக்கையில் தேவசகாயம். பழைய இயந்திரங்களைப் பிரிக்கும் பட்டறையில் ஜெபராணியோடு வேலை பார்ப்பவன். நெடுநெடுவென்ற உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி. அந்தக் குழியைச் செல்வினுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. தேவசகாயம் கடலைப் பார்த்தபடி முணுமுணுத்தான். அதே மெட்டு.

செல்வினுக்கு வயிறு பற்றி எரிந்தது. இரண்டு பேரையும் கையும் களவுமாகப் பிடித்திருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது. செவிப்பொட்டு சும்மா இருக்குமா? அந்த எரிச்சலுக்கு ஏற்ப அருமையான இசையைப் போட்டது. நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடாத சனியன்.

சாயங்காலம் கேட்டேவிட்டான். "அந்த தேவசகாயம் வாயில வர்றதும் உன் வாயில வர்றதும் ஒண்ணா இருக்கே, எப்படி?"

ஜெபராணி எதையும் மறைக்கவில்லை. பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தாள்.

"இதுக்குப் போயா இப்படி மொறைக்கிய? இது கைக்கணினி. அந்தக் காலத்துல ஆபீஸ்காரங்க தேதியும் விலாசமும் குறிச்சு வைக்கிறதுக்குச் செஞ்சது. இத வச்சிருந்த புண்ணியவான் அதையெல்லாம் அழிச்சிட்டு உள்ள பூரா பாட்டா ஏத்தி வச்சிருக்கான். இத்தன வருசமும் யாரு வீட்லயோ கரண்டுல மாட்டுனபடியே கெடந்துச்சாம், பட்டறைக்கு வந்ததும் தேவசகாயம் அண்ணாச்சிதான் கரண்டு அறாம புது பேட்டரி பொருத்திக் குடுத்தாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆளுக்கொரு காதுல மாட்டிக் கேப்போம்."

பெட்டியிலிருந்து ஒரு கம்பி கிளம்பி, நடுவில் பிரிந்து, இரண்டு முனையாகத் தொங்கியது. ஒன்று இவள் காதில், ஒன்று அவன் காதில். கம்பியின் நீளத்தைச் செல்வின் கண்ணாலேயே அளந்தான். தலையும் தலையும் ஒட்டாமல் உட்கார முடியாத நீளம்.

"நீங்களும் கேளுங்களேன். பொட்டக் கழட்டி வச்சிட்டு இத மாட்டுங்க. நம்ம மனசுக்கு ஏத்தாப்புல இது மாறாது. நாம அழுதாலும் சிரிச்சாலும் அது பாட்டுக்குப் போவும். அதனாலதான் ரெண்டு பேரு சேந்து கேக்க முடியுது."

"அவன் காதுல கெடந்தத என் காதுல வைக்கணுமாக்கும்?"

நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்டாள்.

அவள் குளிக்கப் போனதும் பேட்டரியைக் கழற்றி இழுப்பறையில் போட்டான். நாளை மத்தியானம் அந்த இரண்டு தலையும் ஒட்டக்கூடாது, அவ்வளவுதான் அவன் எண்ணம். அவன் வாழ்ந்த உலகத்தில் எதுவும் தொலைவதில்லை. எதை உடைத்தாலும், எல்லாவற்றையும் தானாகச் சேமித்துவைக்கும் முகிற்கிடங்கில் ஒரு நகல் பத்திரமாக இருக்கும்.

மறுநாள் வாடிய முகத்தோடு வந்தவளிடம், வெற்றிபெற்றவனின் பெருந்தன்மையோடு பேட்டரியை நீட்டினான். அவள் அவசரமாகப் பொருத்தினாள். திரை வெளுத்து, இன்று என்ன தேதி என்று கேட்டது. அதற்கு வேறொன்றும் தெரியவில்லை. மின்சாரம் ஓடும்வரைதான் அந்தப் பெட்டிக்கு ஞாபகம்.

"வேற எங்கயாவது இருக்கும்லா?" என்றான் செல்வின்.

"எங்கயும் இல்ல."

அதன்பிறகு காலை நேரங்களில் கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. செவிப்பொட்டு விதவிதமாக ஆறுதல் சொல்லிப் பார்த்தது. அவனுக்கு அவளுடைய அந்த முணுமுணுப்புதான் வேண்டியிருந்தது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே தானே அதை முணுமுணுத்தான். கத்தி நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வரியோடு அவனுக்குத் தெரிந்தது தீர்ந்துபோயிற்று.

"மிச்சத்த நீ சொல்லு."

"எனக்கும் அம்புட்டுதான் மனசுல நிக்கி. முழுசும் அவருக்குத்தான் பாடம்." மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

படகில் ஏறியதும் செல்வின் செவிப்பொட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். தேவசகாயத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கன்னக்குழி அப்போதும் பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பாட்டு... ரெண்டு வரிக்கு அப்புறம் எப்படிப் போவும்?"

தேவசகாயம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில் பாடினான்.

"இன்னொரு தடவ," என்றான் செல்வின். எரிகிற வயிற்றோடு, ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்துகொண்டான்.