விரிந்து கிடந்த நோட்டு

இந்தக் கதையை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அந்த அணில் கதைப் புத்தகத்தின் அட்டை பச்சை நிறம் என்று நினைக்கிறேன். என்னோடு படித்த மைதீனிடம் ஒருமுறை கேட்டேன். மஞ்சள் என்றான். அட்டையில் இருந்தது அணிலே இல்லை, கீரி என்றும் சொன்னான். அவன் எப்போதும் அப்படித்தான்.

ஆனால் பஸ்ஸில் நான் சொன்னது மட்டும் ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. அது மறந்துபோயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. 1976ஆம் வருஷம். எங்கள் வீடு திருவனந்தபுரத்தில் ஆரியசாலையில் இருந்தது. தெருக்கோடியில் தாணுமாலயன் அண்ணாச்சியின் வற்றல் மிளகாய்க் கடை. கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. அதுதான் எங்கள் தமிழ் வாசகசாலை.

கீழே மிளகாய் மூட்டை இறங்கினால் மேலே எல்லோரும் தும்முவோம். கண்ணீரும் வரும். கதையைப் படித்து அழுகிறோமா, மிளகாய்க்கு அழுகிறோமா என்று பிறருக்குத் தெரியாது. அது ஒரு வசதி.

வாசகசாலையைப் பார்த்துக்கொண்டவர் ரத்னாபாய் அக்கா. நாகர்கோவில்காரர். பகலில் ஓர் அச்சகத்தில் வேலை. மாலை ஐந்தரைக்கு வந்து கதவைத் திறப்பார்.

வாசலருகே மேசைமேல் ஒரு நீள நோட்டு எப்போதும் விரிந்து கிடக்கும். யார் புத்தகம் எடுத்தாலும் அக்கா அதில் தேதியையும் புத்தகத்தின் பெயரையும் எழுதுவார். எடுத்தவர் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும். யாரும் அந்த நோட்டைப் புரட்டலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

எனக்கும் மைதீனுக்கும் கதைப் புத்தகத்தைவிட அந்த நோட்டுதான் பிடிக்கும்.

"நீலா, இங்க பாரு. நம்ம கணக்கு சார் பேய்க் கதை எடுத்திருக்காரு."

"அதான் நேத்து நம்மளைப் பாத்துப் பயந்தாரு."

இப்படிச் சிரித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் போவோம். ஒருநாள் அப்படிப் போகும்போது ஒரு கையெழுத்தைக் கண்டேன். மலையாள எழுத்தில் 'ராஜையன்' என்று இருந்தது. இரண்டு மாதத்தில் ஒன்பது புத்தகம். ஒன்பதும் அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள். எழுத்துப் படிக்க ஆரம்பிக்கும் குழந்தைகளுக்காகப் பெரிய எழுத்தும் படமும் போட்டவை. கடைசியாக எடுத்தது 'அணிலின் வால் எங்கே?'

ராஜையன் அண்ணனை எங்களுக்கு நன்றாகத் தெரியும். கிழக்கேகோட்டையிலிருந்து நாங்கள் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் அவர்தான் கண்டக்டர். பஸ்ஸுக்குள் நிமிர்ந்து நின்றால் கூரை இடிக்கும், அவ்வளவு உயரம். "முன்னால நீங்கி நில்லுங்கோ, அங்க பந்து விளையாட எடம் கெடக்கு" என்று கத்துவார். நான் வாயாடி என்பதால் என்னைப் பார்த்தால், "வக்கீலம்மா வந்தாச்சு, ஸீட் குடுங்கோ" என்பார். அவர் மனைவி பிரசவத்துக்காக வள்ளியூரில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தார். தானே கஞ்சி வைத்துத் தானே குடிப்பதைப் பற்றி எங்களிடம் வேடிக்கையாகச் சொல்லுவார்.

திங்கட்கிழமை காலை. பஸ்ஸில் நல்ல கூட்டம். "டிக்கெட், டிக்கெட்" என்று என் அருகே வந்தார்.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"அண்ணே, அணிலுக்கு வால் கெடைச்சுதா? இல்ல, இன்னும் எழுத்துக் கூட்டிட்டே இருக்கீங்களா?"

மைதீன் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னான். "அண்ணன் ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகமாக்கும் படிக்குது."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இறங்கிய பிறகுதான் பார்த்தேன். என் கையில் இரண்டு டிக்கெட் இருந்தது. அவர் ஒருநாளும் அப்படித் தப்பாகக் கிழித்ததில்லை.

சாயங்காலம் திரும்பி வரும்போது டிரைவர், "அணிலே, டபுள் பெல் அடி" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்க அதுவே ராஜையன் அண்ணனுக்குப் பெயராகிவிட்டது. அவர் பந்து விளையாட இடம் கிடக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டார். என்னை வக்கீலம்மா என்றும் அழைக்கவில்லை.

வாசகசாலைக்கும் வரவில்லை. பத்து நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் ஒருவர் 'அணிலின் வால் எங்கே?' புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் ஓடிப்போய் அதை எடுத்தேன். விரித்ததும் உள்ளேயிருந்து ஒரு நீலக் காகிதம் விழுந்தது. இன்லண்டு கடிதம். அனுப்பியவர் மாடம்மாள், வள்ளியூர்.

கடிதம் தமிழில் இருந்தது. முதல் ஐந்து வரிகளில் ஒவ்வொரு சொல்லின் தலைக்கு மேலும் பென்சிலால் சின்னச் சின்ன மலையாள எழுத்து எழுதியிருந்தது. ஆறாவது வரியில் பாதியோடு பென்சில் நின்றுபோயிருந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் பேசுவது தமிழ். ஆனால் எங்களைப் போல அவரும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எனக்கு வீட்டில் அம்மா தமிழ் எழுத்துச் சொல்லித் தந்தார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மனைவி எழுதும் கடிதத்தைப் படிக்கத்தான் அவர் கீழ்த்தட்டுக்கு வந்திருக்கிறார்.

ஆறாவது வரியின் மீதியை நான் ஒரு மூச்சில் படித்திருக்கலாம். கண் அங்கே போகத்தான் செய்தது. கடிதத்தை மடித்துவிட்டேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவரைத் தேடிப் போனேன். மரத்தடியில் தனியாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன்.

"படிச்சியா?"

"இல்ல."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினார் என்று நினைக்கிறேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்தச் சொல் வரவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"நான் படிச்சுத் தரட்டா, அண்ணே?"

"வேண்டாம் மோளே. அது அவ எனக்கு எழுதினது. வேற ஆள் வாய்ல கேக்க எனக்குப் பிடிக்கல."

"அப்ப வாசகசாலைக்கு வாங்க."

அவர் டம்ளரைக் கவிழ்த்து மீதி டீயை மண்ணில் ஊற்றினார்.

"அந்த நோட்டு அங்க விரிஞ்சே கெடக்கு. எல்லாரும் பாக்கத்தக்க. நான் என்னத்துக்கு வரணும்?"

பஸ் கிளம்பும் நேரமாகிவிட்டது. அவர் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் மூன்றே பேர். தாணுமாலயன் அண்ணாச்சி, ரத்னாபாய் அக்கா, பிறகு கோட்டைக்குள் அக்ரகாரத்தில் இருந்து வரும் வெங்கடேஸ்வரன் சார். சார் பாங்கில் வேலை பார்த்தார். நான் மூலையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்தேன்.

"அஞ்சு புஸ்தகத்தைக் காணல சாமி" என்றார் அண்ணாச்சி. "யார்கிட்ட இருக்குன்னு பாக்கணும்னா நோட்டு முழுக்கப் பொரட்டணும். வேற ஏற்பாடு செய்யணும்."

"பாங்க்ல பண்றாப்ல பண்ணிடலாம்" என்றார் சார். "பெரிய பேரேடு. ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தைத் திருப்பினா, அந்த ஆள் இதுவரைக்கும் என்னென்ன படிச்சிருக்கான்னு வரிசையா வந்துடும்."

"அது கொள்ளாமே, நல்ல யோசனை" என்றார் அண்ணாச்சி.

ராஜையன் அண்ணனுக்கு ஒரு முழுப் பக்கம். அதில் வரிசையாக ஒன்பது புத்தகம்.

"எனக்கு வேற ஒண்ணு தோணுது" என்றார் ரத்னாபாய் அக்கா. மேசையில் உறையோடு கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அட்டையை உருவினார். "இந்தாங்க, இந்த அட்டை ஒரு புஸ்தகத்துக்கு உள்ளது. பேரு எழுதி அதுக்குள்ளயே வச்சிருப்போம். இந்த உறை ஒரு ஆளுக்கு உள்ளது. ஆள் புஸ்தகம் எடுத்தா, அட்டையை உருவி அவர் உறைக்குள்ள போட்டு என் மேசைக்குள்ள பூட்டி வச்சிருவேன். திருப்பித் தந்தா, அட்டை புஸ்தகத்துக்குப் போயிரும். உறை காலி."

"சரிம்மா. அப்புறம் அதை முன்னாடி யார் யார் படிச்சான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாதா? அது பெரிய குறையாச்சே."

அண்ணாச்சியும் தலையை ஆட்டினார்.

நான் எழுந்து நின்றேன்.

"அதுதான் நல்லது, சார்."

மூவரும் திரும்பினார்கள்.

"நான் அந்த நோட்டைப் பாத்துட்டு ஒருத்தரைக் கேலி பண்ணினேன். பஸ்ல வச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப அவர் இங்க வர்றதில்ல."

"யாரு புள்ளே அது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"சொல்ல மாட்டேன். சொன்னா மறுபடியும் கேலி பண்ணின மாதிரி."

அப்போது கீழே யாரோ மிளகாய் மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். நாலு பேரும் தும்மினோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே வெங்கடேஸ்வரன் சார் மெதுவாகச் சொன்னார்:

"காணாமப் போன அஞ்சுல ஒண்ணு என்கிட்டதான் இருக்கு. நோட்டுல எழுதக் கூச்சமா இருந்தது. எழுதாம எடுத்துண்டு போயிட்டேன்."

"அது என்ன புஸ்தகம் சாமி?"

"சொல்ல மாட்டேன்" என்றார் சார். ஆனால் அவர் கை தானாக வழுக்கைத் தலைக்குப் போனது.

அண்ணாச்சி சிரித்துச் சிரித்து இன்னொரு முறை தும்மினார். பிறகு, "அட்டையே போதும்" என்றார்.

அண்ணாச்சி கடைக்கு வருஷம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை வரும். அவற்றை வெட்டி நானும் மைதீனும் அட்டையும் உறையும் செய்தோம். முன்பக்கம் புத்தகத்தின் பெயர், பின்பக்கம் யாரோ மாப்பிள்ளையின் பெயர். உறைகளின் மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. பழைய நோட்டை மிளகாய் பொதிவதற்கு அண்ணாச்சி கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்.

ராஜையன் அண்ணனுக்கு நானே ஓர் உறை செய்து, மலையாளத்தில் அவர் பெயரை எழுதினேன்.

ஆனால் அதைச் சொல்ல ஓடியபோது பஸ்ஸில் வேறு கண்டக்டர் இருந்தார். பொன்முடி பஸ்ஸுக்கு மாற்றல் கேட்டு அண்ணன் போய்விட்டார் என்றார்கள். அது மலைப்பாதை. விடியுமுன் கிளம்பும் பஸ். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறமாட்டார்கள்.

டீக்கடைக்காரரிடம் சொல்லியனுப்பினேன்: "நோட்டு இப்ப இல்லைன்னு சொல்லுங்க." சொன்னாரா என்று தெரியாது.

பல மாதம் அக்காவை நச்சரித்தேன். "அவர் வந்தாரா அக்கா?"

அக்கா மேசையைப் பூட்டிவிட்டுச் சொல்லுவார்: "யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நீதான மக்களே சொன்ன?"

பத்து வருஷம் கழிந்தது. வாசகசாலையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினார்கள். புத்தகங்களை மூட்டை கட்ட நானும் போனேன். புதிதாகக் கமிட்டிக்கு வந்த ஒருவர் உற்சாகமாகச் சொன்னார்: "இனி கம்ப்யூட்டர் வரப்போகுது. ஒரு பட்டனை அமுக்கினா, ஆரு எப்ப என்ன படிச்சாங்கன்னு எல்லாம் வரும். அது ஒண்ணையும் மறக்காது." ரத்னாபாய் அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

பிறகு அக்கா உறைகள் இருந்த பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அவ்வளவு நேரம் தண்ணீர் குடிப்பவர் அல்ல அவர்.

ராஜையன் அண்ணனின் உறையை எடுத்தேன். காலியாக இருந்தது. ஒருமுறையும் அட்டை போடாத உறை விறைப்பாக இருக்கும். இது துணிபோல மெத்தென்றிருந்தது. ஓரம் கிழிந்து இரண்டு தடவை ஒட்டியிருந்தது. வாயருகே, டிக்கெட் மை படிந்த ஒரு பெருவிரல் அடையாளம்.

தாணுமாலயன் அண்ணாச்சியின் கடையை இப்போது அவர் மகள் நடத்துகிறார். வெங்கடேஸ்வரன் சார் அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார், முடி வளரவில்லை. மைதீன் துபாய்க்குப் போய்த் திரும்பி, அட்டக்குளங்கரையில் கடை வைத்திருக்கிறான். ரத்னாபாய் அக்கா நாகர்கோவிலில் தங்கை வீட்டில் இருந்தபோது காலமானார். ராஜையன் அண்ணனும் மாடம்மாளும் மகளும் நெடுமங்காட்டில் வீடு கட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவர் எத்தனை புத்தகம் படித்தார், என்னென்ன படித்தார் என்பது யாருக்கும் தெரியாது.