நாலு மணி வானொலியும் காணாமல் போன அத்தியாயமும்

செவ்வாய்க்கிழமை, மாலை 4.09.

"கொலைகாரனைக் காணோம், மேவிஸ். யாரோ வெட்டி எடுத்துட்டாங்க. ஓவர்."

வாரிபா ஊர் வானொலி நிலையத்தில் மேவிஸ் கிரேன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பேசியது க்வெண்டா. நூற்றிருபது மைல் தள்ளி, தன் ஆட்டுப்பண்ணைச் சமையலறையிலிருந்து பேசினாள்.

"எதை வெட்டினாங்க? நிதானமாச் சொல்லு. ஓவர்."

"'பச்சைக் கோப்பை' கதையில கடைசி அத்தியாயம் மொத்தமும். பதினாலு பக்கம், பிளேடால சீவின மாதிரி. மூணு நாளா சோறு தண்ணி இல்லாம படிச்சேன். விஷம் வெச்சது யாருன்னு தெரியப்போற நேரத்துல பாத்தா வெறும் அட்டைதான் இருக்கு. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு எவளாவது கையில கெடைச்சா நாறடிச்சிடுவேன். ஓவர்."

1971 அது. மேற்கு குவீன்ஸ்லாந்தில் தொலைபேசிக் கம்பி எட்டாத ஏழு பண்ணைகள், ஏழு பெண்கள்; வீட்டுக்கு ஒன்றாக, பேசவும் கேட்கவும் ஒரு வானொலிக் கருவி. காலையில் வானொலி டாக்டருக்கு, மதியம் தந்திகளுக்கு. நாலு மணிக்கு மேல் அது அவர்களுடையது. ஒவ்வொருத்தியும் தான் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் மற்ற வம்புகளுக்குப் போகவேண்டும். ஆடு செத்ததை மறைத்தவர்கள் உண்டு, புருஷன் குடித்ததை மறைத்தவர்கள் உண்டு. பக்க எண்ணில் மட்டும் ஒருத்தியும் பொய் சொன்னதில்லை.

புத்தகங்கள் கயிறு கட்டிய ஒரு மரப்பெட்டியில் தபால் லாரி ஏறி வீடு வீடாகப் போகும். பெட்டியை அனுப்புகிறவள் புதிதாக ஒன்றை உள்ளே போடவேண்டும். துப்பறியும் கதையாக இருந்தால் இன்னொரு விதி. கடைசி அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், தலைப்புக்கு மேலே உள்ள காலி இடத்தில், முடிவைப் படிப்பதற்கு முன் தன் யூகத்தைப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். சரியாகச் சொன்னவளுக்கு அக்டோபர் குதிரைப் பந்தயத்தன்று மற்றவர்கள் ஆளுக்கொரு பழக் கேக் செய்துகொண்டு வரவேண்டும். பதினோரு வருடமாக அந்தக் கேக்குகளைத் தின்று வருகிறவள் எனிட் டாகெட். எந்தக் கதாசிரியனும் அவள் கண்ணில் மண்ணைத் தூவியதில்லை.

4.14. எனிட்டின் குரல் வந்தது.

"பெட்டி ஐல்ஸாகிட்டேர்ந்துதானே க்வெண்டாவுக்குப் போச்சு? நடுவுல மழைக்காக என் வராந்தாவுல நாலு நாள் கெடந்துச்சு. நான் கயித்தைக்கூடத் தொடலை. வேற யாரு வெட்டியிருப்பா? ஓவர்."

"புதுசா வந்த பொண்ணு. புத்தகத்தை மதிக்கற பழக்கம் இல்லை போலிருக்கு," என்றாள் தெல்மா. தெல்மா எப்போதும் எனிட்டுக்குப் பின்பாட்டு.

கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே ஐல்ஸாவின் குரல் மெலிதாகக் கேட்டது. "நான் வெட்டலை. நான் அனுப்பறப்ப எல்லாப் பக்கமும் இருந்துச்சு. சத்தியமா. ஓவர்."

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஓட்டுப் போட்டுடுவோம். புத்தகத்தை வெட்டறவளுக்கு இங்க இடமில்லை," என்றாள் எனிட்.

ஐல்ஸாவுக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஆறு மாதம்; டாஸ்மேனியாவிலிருந்து வந்தவள். புருஷன் ஆடு ஓட்டிக்கொண்டு போனால் திரும்ப மூன்று வாரம் ஆகும். வந்த புதிதில் மணி என்ன என்று கேட்பதற்காகவே தினம் மூன்று தரம் வானொலியில் கூப்பிடுவாள். அவள் வீட்டுக் கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பது மேவிஸுக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடமிருந்து நாலு மணியைப் பிடுங்கினால் அவளுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

மேவிஸுக்கு ஓட்டு கிடையாது, அவள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். ஆனால் கண்ணும் காதும் உண்டு. பத்தொன்பது வருடமாகத் துப்பறியும் கதைகளைக் கரைத்துக் குடித்தவளுக்கு இப்போதுதான் ஒரு நிஜக் குற்றம் வாய்த்திருக்கிறது. ஒரு பெண் அழுதுகொண்டிருக்கும்போது இப்படி உற்சாகப்படுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக உற்சாகம் குறையவில்லை.

புதன்கிழமை, காலை 8.40. தபால் லாரிக்காரன் டெஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது மேவிஸ் போய் எதிரே நின்றாள்.

"போன வாரம் பெட்டியை ஐல்ஸா வீட்டுல எப்ப எடுத்தே?"

"செவ்வாய்க்கிழமை மத்தியானம்."

"எனிட் வீட்டுல ஏன் எறக்கினே?"

"சாயங்காலம் கொட்ட ஆரம்பிச்சுது. கரிசல் மண்ணு, அச்சு வரைக்கும் சக்கரம் பொதைஞ்சு போச்சு. நனையவேண்டாமேன்னு எல்லாத்தையும் அவங்க வராந்தாவுல வெச்சேன். சனிக்கிழமைதான் கெளம்ப முடிஞ்சுது."

"நாலு நாளும் நீ வராந்தாவுலயா இருந்தே?"

"ஆட்டு முடி வெட்டறவங்க கொட்டகையில சீட்டாடிக்கிட்டு இருந்தேன். என்ன தாயே, போலீஸ் மாதிரி கேக்கறே?"

"கயிறு?"

"நான் போட்ட முடிச்சு மாதிரியேதான் இருந்துச்சு."

"மாதிரியேவா, அதேவா?"

டெஸ் தலையைச் சொறிந்தான். "கம்பளி மூட்டை கட்டற முடிச்சு அது. இந்தப் பக்கம் கைக்குழந்தைக்குக்கூட வரும்."

வானொலியில் ரகசியம் பேச வழியில்லை. ஒருத்தியிடம் கேட்டால் ஏழு வீடும் கேட்கும். ஆகவே மேவிஸ் ஒரு கடிதம் எழுதி ஒட்டி அவனிடம் கொடுத்தாள். "ஐல்ஸா கையில கொடு. பதிலை வாங்காம வராதே."

அன்று நாலு மணிக்கு ஆறு பேர் பேசினார்கள். ஐல்ஸாவின் முறை வந்தபோது கரகர சத்தம் மட்டும் கேட்டது. வியாழக்கிழமையும் அப்படியே.

வியாழக்கிழமை, மாலை 5.20. எல்லோரும் ஓய்ந்த பிறகு மேவிஸ் தன் நோட்டை எடுத்தாள். வானொலியில் யார் எப்போது என்ன பேசினாலும் எழுதி வைக்கவேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. தக்காளி காய்த்ததைக்கூட அவள் விடுவதில்லை. போன வாரத்தைப் புரட்டினாள்.

"திங்கள், 4.05. ஐல்ஸா: பச்சைக் கோப்பை முடித்தாள். பெட்டியில் 'திமிங்கிலக் கப்பல்' போட்டிருக்கிறாள். தங்கை ஹோபர்ட்டிலிருந்து அனுப்பியது, கடைக்கே இன்னும் வராத புதுசு. எனிட் அதில் எழுதியிருக்கும் யூகம் பற்றி எனிட்டிடமே ஒரு சந்தேகம் கேட்கவேண்டுமாம். பந்தயத்தன்று நேரில் கேட்பாளாம்."

"செவ்வாய், 4.20. தெல்மா: ரோஜா வளர்ப்பு, பக்கம் 88. நாய்க்குக் காதில் புண்."

"புதன், 4.03. க்வெண்டா: படிக்க ஒன்றும் இல்லை, மாவு மூட்டையில் அச்சடித்திருப்பதைப் படிக்கிறாள். பெட்டி எப்போது வரும் என்று புலம்பல்."

"வியாழன், 4.11. எனிட்: மழை மூன்று அங்குலம். திமிங்கிலக் கப்பல், பக்கம் 31, சமையல்காரன் வரும் இடம் பிரமாதம். கோழி இரண்டு வெள்ளத்தில் போயிற்று."

"வெள்ளி, 4.16. தெல்மா: ரோஜா வளர்ப்பு, பக்கம் 102. நாய் தேவலை."

மேவிஸ் பென்சிலைக் கடித்தாள். முடிவு தெரியவேண்டும் என்றால் படித்தால் போதும், வெட்டவேண்டாம். அடுத்தவள் சுவாரசியத்தைக் கெடுக்கவேண்டும் என்றால் வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொன்னால் போதும், அதற்கும் பிளேடு வேண்டாம். ஆகவே வெட்டியவளுக்குக் கதையின் முடிவைப் பற்றிக் கவலையில்லை. அந்தப் பதினாலு பக்கத்தில் அச்சில் இல்லாத ஏதோ ஒன்று இருந்தது.

வெள்ளிக்கிழமை, பகல் 12.15. டெஸ் பதிலைக் கொண்டுவந்தான். நாலே வரி. மேவிஸ் படித்தாள். உடனே நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் தேடினாள். தேடிய வரி கண்ணில் பட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வரியை அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள். ஏழு வீடும் காதால் கேட்டிருக்கிறது. ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

"என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கறே?" என்றான் டெஸ்.

"போடா, எனக்கு இப்ப பசிக்கக்கூட இல்லை," என்றாள் மேவிஸ்.

மாலை 4.00.

"எல்லாரும் இருக்கீங்களா? ஓட்டுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசணும். ஓவர்."

"உனக்கு ஓட்டு இல்லையே, மேவிஸ்," என்றாள் எனிட்.

"ஓட்டு வேண்டாம், வாய் இருந்தா போதும். க்வெண்டா, நீ இருநூத்தி நாப்பது பக்கம் படிச்சிருக்கே. ஒரு எழுத்து விடாம படிச்சியா? ஓவர்."

"விடுவேனா? அதுல வர்ற பூனை பேரு வரைக்கும் சொல்வேன். ஓவர்."

"வினிஃப்ரெட் கிராப் யாரு?"

க்வெண்டா யோசித்தாள். "அப்படி ஒருத்தியே இந்தக் கதையில இல்லையே. யாரு அது? ஓவர்."

"தெல்மா, நீ முழுசாப் படிச்சவ. யாரு அது?"

"ஐயோ, அதைச் சொன்னா க்வெண்டாவுக்குக் கதை கெட்டுப்போயிடும்," என்றாள் தெல்மா. "கதை பூரா அவ பேரையே சொல்லமாட்டாங்க. கடைசி அத்தியாயத்துல போலீஸ்காரர் கூப்பிடும்போதுதான் அந்தப் பேரு வருது. ஓவர்."

"அதேதான். அப்படின்னா, கடைசி அத்தியாயத்தைப் படிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தி 'வினிஃப்ரெட் கிராப்'னு யூகம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தா, அவளுக்கு அந்தப் பேரு எங்கேர்ந்து தெரிஞ்சுது?"

மேவிஸ் ஐல்ஸாவின் கடிதத்தை எதிரே விரித்து வைத்துக்கொண்டாள்.

"ஐல்ஸாவுக்கு இதுதான் சந்தேகம். தான்தான் எங்கயோ ஒரு வரியை விட்டுட்டோம்னு பாவம் அந்தப் பொண்ணு நெனைச்சிருக்கு. தப்பா ஒண்ணும் நெனைக்கலை. நேர்ல கேக்கறேன்னு வானொலியில சொன்னா, அவ்வளவுதான். கேள்வி யாருக்குன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். மையால எழுதினதை அழிக்க முடியாது. அந்த ஒரு தாளை மட்டும் வெட்டினா ஏன்னு கேப்பாங்க. மொத்த அத்தியாயத்தையும் வெட்டினா, எவளோ முடிவைத் திருடிட்டான்னு நெனைப்பாங்க."

"மேவிஸ்." எனிட்டின் குரல் இறுகியிருந்தது. "வார்த்தையை அளந்து பேசு. பெட்டியை நான் தொடவே இல்லைன்னு செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டேன்."

"சொன்னீங்க. போன வியாழக்கிழமை, நாலு பதினொண்ணுக்கு, இன்னொண்ணும் சொன்னீங்க. திமிங்கிலக் கப்பல், பக்கம் முப்பத்தொண்ணு, சமையல்காரன் வர்ற இடம் பிரமாதம்னு. அந்தப் புத்தகம் கடைக்கே வரலை, எனிட். இந்தப் பக்கத்துல இருக்கறது ஒரே ஒரு பிரதி. அன்னிக்கு அது உங்க வராந்தாவுல, நீங்க தொடாத கயித்துக்குள்ள இருந்துச்சு. ஓவர்."

தெல்மா "அடிப் பாவி" என்று சொன்னது ஏழு வீட்டுக்கும் கேட்டது.

4.12. எனிட் பேசினாள். பதினோரு வருடமாகக் கேட்ட குரலே இல்லை அது.

"மழை நிக்கவே இல்லை. வீட்டுல படிக்க ஒண்ணும் இல்லை. அந்தக் காரியத்தை முடிச்சதும் பெட்டியை மூடியிருக்கணும். மேலேயே கப்பல் கதை இருந்துச்சு. சும்மா ரெண்டு பக்கம் பாப்போம்னு எடுத்தேன். நாலு மணிக்கு நீ புத்தகப் பேரைக் கேட்டதும் வாய் தானா உண்மையைச் சொல்லிடுச்சு. முதல் வருஷம் நான் நிஜமாவே கண்டுபிடிச்சேன், மேவிஸ். எல்லாரும் கைதட்டினீங்க. ரெண்டாவது வருஷம் தப்பாயிடுமோன்னு பயந்து கடைசிப் பக்கத்தை எட்டிப் பாத்தேன். அப்பறம் நிறுத்தத் தெரியலை. பக்கங்களை எரிக்க மனசு வரலை. மாவு டப்பாவுல வெச்சிருக்கேன். ஓவர்."

"அறுபத்தாறு கேக்," என்றாள் தெல்மா. பின்பாட்டு ஒரே நொடியில் கட்சி மாறியிருந்தது. "முட்டையெல்லாம் பாத்துப் பாத்துச் சேத்து வெச்சு செஞ்சேன். வெளியே அனுப்புங்க இவங்களை. ஓட்டுப் போடணும்னு அவங்கதானே சொன்னாங்க, போடுவோம். ஓவர்."

மேவிஸ் ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "முதல் ஓட்டு ஐல்ஸாவுக்குத்தான் உரிமை. ஐல்ஸா, கேக்கறியா, கண்ணு? ஓவர்."

மேவிஸ் மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இருக்கேன்," என்றாள் ஐல்ஸா. "மூணு நாளா இந்த வானொலி பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன். நீங்கள்லாம் பேசினதைக் கேட்டேன். நாய்க்குக் காது ஆறிடுச்சுன்னு தெல்மா சொன்னப்ப, நல்லதுன்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லலாமா கூடாதான்னு தெரியலை. அப்படி உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். அதை நான் யாருக்கும் செய்யமாட்டேன். எனிட் இருக்கட்டும். ஓவர்."

ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை. தெல்மாகூட.

"ஐல்ஸா," என்று ஆரம்பித்தாள் எனிட். "பழியை உன் தலையில போட்டுட்டு நான் ராத்திரி தூங்கவும் செஞ்சேன். மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை."

"அழறதெல்லாம் அப்பறம் வெச்சுக்கலாம்," என்று குறுக்கே புகுந்தாள் க்வெண்டா. "மாவு டப்பாவைத் தெறங்க. இங்க ஒருத்திக்கு நாலு நாளா தலை வெடிக்குது. ஒரு நிமிஷம், நான் முதல்ல என் யூகத்தைச் சொல்லிடறேன். அந்த கிராப் டாக்டரோட பொண்டாட்டிதான். இப்பப் படிங்க. ஓவர்."

4.26. எனிட் படிக்கத் தொடங்கினாள். முதலில் யூகங்கள்: தெல்மாவுடையது, ஐல்ஸாவுடையது. பிறகு தன் பெயரையும் அதன் எதிரே தான் எழுதியிருந்ததையும் வாய்விட்டுப் படித்தாள். குரல் ஒருமுறை உடைந்து, பிறகு நேரானது. பதினாலு பக்கம் படித்து முடிக்க ஐந்தேகால் ஆயிற்று. விஷம் வைத்த அந்த வினிஃப்ரெட் கிராப் வீட்டு வேலைக்காரி என்று தெரிந்ததும் க்வெண்டா போட்ட கூச்சலை மேவிஸ் நோட்டில் எழுதவில்லை. எழுதும் தரத்தில் இல்லை.

ஒவ்வொருத்தியாக விடைபெற்றுக்கொண்டு போனார்கள். மேவிஸ் கருவியை அணைக்கக் கை வைத்தபோது மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"மேவிஸ், நாளைக்கு நாலு மணிக்கு நான் முதல்ல பேசறேன். எழுதி வெச்சுக்கோங்க. ஓவர்."

மேவிஸ் மணியைப் பார்த்து எழுதினாள்.