வீடு திரும்ப வழி

மூன்றாவது மாடி ஏறி வருவதற்குள் கொழுந்தனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. தோளில் லேப்டாப் பை, கையில் சொட்டும் குடை. பழைய கட்டடம். படிகளின் விளிம்பு தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது. கதவைத் திறந்த அண்ணி சிரிக்க முயன்றாள். தையல் மிஷின் மேல், யார் வீட்டுக்கோ போகவேண்டிய திரைச்சீலை பாதி தைத்தபடி கிடந்தது.

அவளுடைய கணவர் காணாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டரில் ரீடிங் எடுக்கிற வேலை அவருக்கு. எந்த வீட்டு மீட்டர் எந்தச் சுவரில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு மழைக் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போனவர் போனவர்தான். போலீஸ் கையை விரித்துவிட்டது. சொந்தக்காரர்கள் முதல் வருடம் அழுதார்கள், அடுத்த வருடம் புத்தி சொன்னார்கள். அவள் மட்டும் விடுவதாக இல்லை. தட்டுத் தடுமாறித் தானே ஒரு வெப்சைட் ஆரம்பித்தாள். அவர் போட்டோ, உயரம், இடது புருவத்துத் தழும்பு, போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் போட்டாள். அந்தப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"எப்படி அண்ணி பாப்பாங்க?" கொழுந்தன் திரையைப் பார்த்தபடி கேட்டான். "மேல 'கண்ணீரோடு காத்திருக்கிறேன்'னு தலைப்பு வெச்சிருக்கீங்க. இதை யாரு தேடப்போறா?"

வெப்சைட்டுகளைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் அவன் பிழைப்பு. பல் டாக்டரையும் கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிக்கிறவரையும் முதல் பக்கத்தில் உட்காரவைத்த பெருமை அவனுக்கு உண்டு.

"நாம நமக்காக எழுதக்கூடாது. தேடுறவன் எந்த வார்த்தையைத் தட்டுவானோ அது தலைப்புல இருக்கணும். போட்டோவுக்கு அடியில என்ன போட்டோன்னு எழுதுங்க, தேடுற மிஷினுக்குக் கண்ணு கிடையாது. அப்புறம், அவன் என்ன கேக்கிறானோ அதுக்கு நேரா பதில் சொல்லணும். இதோ பாருங்க, என்ன தட்டிட்டு நம்ம பக்கத்துக்கு வந்தாங்கன்னு இந்த ரிப்போர்ட் காட்டிடும்."

"சீக்கிரம் நடக்கணும்னா?"

"அந்தப் பேச்சே இதுல கிடையாது. ஒண்ணே ஒண்ணு. பொதுவா எழுதாதீங்க அண்ணி. அண்ணனைப் பத்தி மட்டும் எழுதுங்க. பொதுவா எழுதினா கண்டவனும் வருவான், நமக்கு வேண்டியவர் வரமாட்டார்."

அவன் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். வாரக்கணக்கில் காத்திருந்தும் அந்தப் பக்கத்துக்கு வந்தது கொழுந்தன் மட்டும்தான். பொறுமைக்கும் ஓர் அளவு இருக்கிறதில்லையா?

ஒரு மத்தியானம் அவளுக்கு வேறு யோசனை வந்தது. தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோய் எங்காவது இருந்தால், அவருக்குத் தன் பெயரே தெரியாதே. தழும்பைப் பற்றி எழுதி என்ன லாபம்? அப்படிப்பட்டவர் எதைத் தேடுவார்? தேடுகிற பெட்டியில் 'வீடு' என்று தட்டிப் பார்த்தாள். நாம் முடிப்பதற்குள் மீதியை அதுவே எடுத்துக் கொடுக்குமே, அப்படி ஒரு வரி அடியில் வந்து நின்றது.

'வீடு திரும்ப வழி.'

அதையே தலைப்பாக வைத்தாள். அவருடைய பெயரை எடுத்தாள், தழும்பை எடுத்தாள். 'நீங்கள் யாராக இருந்தாலும், பெயர் மறந்திருந்தாலும், எத்தனை காலம் ஆகியிருந்தாலும் வாருங்கள். இது உங்கள் வீடுதான். கதவைப் பூட்ட மாட்டேன்' என்று எழுதி, அடியில் விலாசத்தையும் போட்டாள். வாசல் கதவையும் அன்றே திறந்து வைத்தாள்.

பக்கம் கிடுகிடுவென்று மேலே ஏறி, ஒரே வாரத்தில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ரிப்போர்ட்டைத் திறந்தால் ஆள் மேல் ஆள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

'ரொம்ப நாளாக நடக்கிறேன் வீடு எங்கே.'

'எந்தத் தெருவில் திரும்ப வேண்டும்.'

'எத்தனாவது மாடி.'

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில், கொழுந்தன் சொல்லிக்கொடுத்தபடியே. மருந்துக்கடை தாண்டி இடதுபக்கம். மூன்றாவது மாடி. படியில் விளக்கு எரியும். எழுதி முடித்ததும் எழுந்து போய் விளக்கையும் போட்டுவிட்டு வந்தாள். இதையெல்லாம் கேட்பது அவர்தான் என்று மனம் அடித்துச் சொன்னது. எந்த நாட்டிலிருந்து தேடினார்கள் என்று காட்டுகிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

பிறகு கேள்விகள் மாறின.

'தண்ணீருக்குள் இருந்து எப்படி எழுந்திருப்பது.'

'மேலே மண் இருந்தால் எப்படி வருவது.'

'கால் இல்லாமல் படி ஏறுவது.'

அன்று சாயங்காலம் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். மனிதர் சண்டைக்குத்தான் வந்திருந்தார், ஆனால் குரல் எழும்பவில்லை.

"உங்க வீட்டுக்கு என்னம்மா இவ்வளவு பேர் வர்றாங்க? நாள் முழுக்கப் படி ஏறுற சத்தம்."

"யாரும் வரலையே சார்."

"ஏறுற சத்தம்தான் கேக்குது," என்றார் அவர். "எறங்குற சத்தமே கேக்கலை."

அவர் போன பிறகு அவள் வாசலில் நின்று கேட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், ஈரக் கால்கள் படியில் பதிகிற சத்தம். ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். குளத்தடிச் சேற்றைக் கிளறினால் வருமே, அந்த வாடை மாடிவரை வந்தது.

படியில் யாரும் இல்லை.

கொழுந்தனுக்கு விஷயம் போய், அவன் போனில் கெஞ்சினான். "அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க அண்ணி. எவன் விளையாடுறான்னு தெரியலை. விலாசத்தை வேற போட்டு வெச்சிருக்கீங்க."

"அந்தக் கூட்டத்துல உங்கண்ணனும் இருந்தா, தம்பி?"

அவள் பக்கத்தை எடுக்கவில்லை. கதவையும் பூட்டவில்லை. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ரிப்போர்ட்டைத் திறந்தாள்.

'மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டேன்.'

'கதவு திறந்திருக்கிறது தட்ட வேண்டுமா.'

ஆசையெல்லாம் வடிந்துபோயிற்று. ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பக்கத்தை அழித்தாள். விலாசம், தெரு, மாடி எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"எடுத்துட்டேன் தம்பி. கதவையும் சாத்திட்டேன். இப்பதான் வாசல்ல வந்து நிக்கிறாங்க, இன்னும் உள்ள வரலை."

"எப்படிச் சொல்றீங்க?"

"ரிப்போர்ட்ல பாத்தேன்."

"அண்ணி, அது அப்பப்ப நடக்கிறதைக் காட்டாது. முந்தாநாள் தேடினதுதான் இன்னிக்குத் தெரியும்."

அவள் திரும்பி அறையைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தாள். அதே முந்தாநாள் தேதியில், அடியில் இன்னும் வரிகள் இருந்தன. 'உட்கார இடம் இருக்கிறதா.' 'அவள் எப்போது தூங்குவாள்.' அவற்றுக்கும் கீழே ஒன்று.

'குட்டைக்கத்திரி வீட்டில் இவ்வளவு பேர் யார்.'

தையற்காரிக்கு உயரம் போதாது என்று கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர் அது. விளக்கணைத்த பிறகு மட்டும் சொல்வார். அவர் தம்பிக்குத் தெரியாது. அவளும் எந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை.

அவர் வந்திருக்கிறார். மருந்துக்கடை தாண்டி இடதுபக்கம் திரும்பி, படி ஏறி, வாசல்வரை வந்திருக்கிறார். திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்திருக்கிறார். முந்தாநாள் அந்த நேரத்தில் அவள் இங்கேயே உட்கார்ந்து, யாருக்கோ படி விளக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்கும் கீழே கடைசி வரி.

'வேறு வீட்டுக்கு வழி.'

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"அண்ணி," என்றான் கொழுந்தன் தயங்கித் தயங்கி. "வீட்டுல விருந்தாளிங்க யாராவது இருக்காங்களா? நிறையப் பேர் பேசுற மாதிரி கேக்குது."

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கழுத்தில் யாரோ மூச்சு விடுவது மட்டும் ஈரமாகத் தெரிந்தது.

"இருக்காங்க தம்பி," என்றாள். "உங்கண்ணன்தான் இல்லை."