நாற்பத்தொன்றாம் வரிசைக் குட்டைச்செடி

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்பில், விதைப்பதற்கு முன்னால் விதைகளைப் பாதி கொன்றுவிடுவார்கள். பல் துலக்குவதுபோல அங்கே அது அன்றாட வேலை. ஈயச் சுவர் வைத்த கதிர்க்கூட்டுக்குள் உளுந்தைத் தட்டில் பரப்பி, கதவை அடைத்து, அளவாகக் கதிர்வீச்சைப் பாய்ச்ச வேண்டும். எல்லா விதையும் பிழைத்தால் கதிர் போதவில்லை. எல்லாம் செத்தால் கூடிவிட்டது. சரிபாதி செத்தால்தான் மீதிப் பாதியின் மரபணுவில் ஏதோ ஒன்று புரண்டிருக்கும் என்று நம்பலாம். புரண்டது உடனே தெரியாது. பிழைத்த விதையின் பிள்ளைகளிடம்தான் தலைகாட்டும். ஒன்றுக்கு இலை வெளுக்கும், ஒன்றுக்குத் தண்டு கோணும், பத்தாயிரத்தில் ஒன்றுக்கு நல்ல புத்தி வரும்.

அந்த ஒன்றைத்தான் தவமணி பதினோரு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

குவிமாடத்துக்குள் வெளிச்சம் அளந்துதான் கிடைக்கும். பூமியிலிருந்து வந்த உளுந்து, விளக்கைத் தேடி உயர உயரப் போய், காய்க்க வேண்டிய நேரத்தில் களைத்துப் படுத்துவிடும். அவளுக்கு வேண்டியது, குட்டையாக நின்று தன் பலத்தையெல்லாம் காயில் வைக்கிற ஒரு செடி. அது கிடைக்காததால் குடியிருப்பின் நாலாயிரம் பேரும் நீர்ப்பாசி மாவில் இட்லி தின்றார்கள். பச்சையாக இருக்கும். குளத்தையே பார்த்திராத பிள்ளைகளுக்கும் குளத்து வாசனை தெரிந்திருந்தது அதனால்தான்.

இந்த விளைச்சல்தான் கடைசி வாய்ப்பு. ஆய்வுக்குழு வந்து பார்க்கும். முன்னேற்றம் இல்லையென்றால் வயலை மூடிவிட்டுப் பாசித் தொட்டி கட்டிவிடுவார்கள். குழு அனுப்பிய கடிதத்தில் அப்படித்தான் இருந்தது.

குழு வருவதற்கு முந்தின நாள் அவள் வயலைச் சுற்றி வந்தாள். பன்னிரண்டாயிரம் செடிகள், கதிர் பட்டுப் பிழைத்த விதைகளின் பிள்ளைகள். பெரும்பாலானவை ஒழுங்காக, உயரமாக நின்றன. நடுநடுவே வெளுத்தது, சுருண்டது, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது என்று முந்நூறு செடிகள். எத்தனையோ நாள் அவற்றை அவள் ஆசையாகக் குனிந்து பார்த்ததுண்டு. இன்று குழுத் தலைவர் வைரவனின் கண்ணால் பார்த்தாள். கல்யாண வீட்டில் தலை வாராமல் வந்து நிற்கும் சொந்தக்காரர்களைப்போல இருந்தன.

கூட இருந்தது நீக்கி. அது விதைப்பெருக்கக் கூடத்திலிருந்து இரவல் வாங்கிய எந்திரம். ஒரே ரக வயலில் வேறு மாதிரி தெரியும் செடியைக் ‘கலவன்’ என்பார்கள். கலவனை வேரோடு எடுத்து, சீட்டுக் கட்டி, உரக்கூடத்துக்கு அனுப்புவதுதான் நீக்கியின் பிழைப்பு. இந்த வயலில் மட்டும் அந்த வேலையைச் செய்யக்கூடாது என்று தவமணிதான் அதைத் தடுத்து வைத்திருந்தாள்.

“நீக்கி, வேற மாதிரி இருக்கிறதையெல்லாம் எடுத்துரு.”

“எடுக்கக் கூடாது என்பது உங்கள் கட்டளை.”

“நாளைக்குப் பெரியவங்க வாறாங்க. வயலு பாக்க லட்சணமா இருக்க வேண்டாமா? நல்லது எதுவும் இந்தக் கோணலுக்குள்ள இல்ல. நான் பாத்துட்டேன்.”

“நாற்பத்தொன்றாம் வரிசையில் ஒரு செடி கோணலாக இல்லை. குட்டையாக மட்டும் இருக்கிறது. அதையுமா?”

தவமணி போய்ப் பார்த்தாள். அண்டை அயல் செடிகளின் இடுப்புக்குக்கூட எட்டாமல், நோஞ்சானாக ஒன்று நின்றது. பூகூட வைக்காத வயது. அவள் மனது ஒரு நொடி தயங்கத்தான் செய்தது. ஆனால் வரிசையின் நடுவே அது விழுந்த பல்லின் இடம்போலத் தெரிந்தது.

“அதையும்தான்,” என்றாள்.

மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். வைரவன் முன்னால் நடக்க, மூன்று பேர் அவர் தலையாட்டும்போதெல்லாம் தலையாட்டினார்கள். ஐந்தாவது ஆள் மரியதங்கம், தண்ணீர்க் குழாய்ப் பிரிவு. எந்தக் கூட்டத்திலும் எல்லாரும் எழுந்திருக்கிற நேரத்தில் “ஒரு சந்தேகம்” என்று கேட்டு மறுபடி உட்கார வைப்பவள்.

“அருமை, தவமணியம்மா. கோடு போட்ட மாதிரி நிக்கிது,” என்றார் வைரவன். தவமணிக்கு உயிர் வந்தது.

“ஒரு சந்தேகம்,” என்றாள் மரியதங்கம். “கதிர் குடுத்த விதைன்னா கோணல்மாணலா நாலு இருக்கணுமே. அதெல்லாம் எங்க?”

“அப்படி ஒண்ணும் வரலக்கா,” என்று தவமணி சொல்லிவிட்டாள்.

வைரவனின் முகம் மாறியது. “ஒண்ணுமே வரலையா? அப்ப இது போன வருசம் பாத்த அதே செடிதானே? பதினோரு வருசமா எதுவும் மாறலன்னு நீங்களே சொல்றீங்க.”

கோணல்களை எடுத்துவிட்டேன் என்று தவமணி சொல்லவில்லை. சொன்னால் பொய் சொன்னது தெரிந்துவிடும். அன்று மாலையே இரண்டு உத்தரவுகள் வந்தன. உளுந்து வயல் மூடப்படும். குழுவின் ஒற்றுமையைக் கருதி மரியதங்கம் உரக்கூடப் பொறுப்புக்கு மாற்றப்படுகிறார். தவமணி அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வயலுக்காக அழுததில் பாதி, அந்த ஒரு பொய்க்காக.

நாற்பது நாள் கழித்து, பிடுங்கிய செடிகளின் கடைசி வண்டியை நீக்கி தள்ள, அவள் பின்னால் உரக்கூடத்துக்குப் போனாள். மரியதங்கத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்று வழியெல்லாம் யோசித்தாள். மரியதங்கம் திட்டவில்லை.

“வா தவமணி. இத என்னன்னு பாரு. நான் வந்தப்போ குப்பை மேல வாடிக் கெடந்துச்சு. குழாய்க்காரி கைதான, சும்மா இருக்காது. வேர மூடித் தண்ணி விட்டேன்.”

உரக்குவியலின் ஓரத்தில், வயலில் பாதிகூட இல்லாத வெளிச்சத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு செடி நின்றது. கொத்துக் கொத்தாகக் காய். தவமணி உட்கார்ந்து எண்ணினாள். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். தண்டில் நீக்கி கட்டிய சீட்டு இன்னும் தொங்கியது: வரிசை நாற்பத்தொன்று.

“அக்கா, நான்தான் எடுக்கச் சொன்னேன்,” என்றாள்.

“தெரியும். என்னையும் எடுத்துத்தான போட்டாங்க. எந்திரி, கண்ணத் தொட.”

வயலை மறுபடி திறந்தார்கள். அந்தச் செடியின் விதைகள் நான்கு விளைச்சலில் மூட்டை மூட்டையாகப் பெருகின. பிள்ளைகளும் தாயைப்போலவே குட்டையாக நின்று காய்த்தன. குடியிருப்பில் முதல்முறையாக வெள்ளை இட்லி வெந்த அன்று விழா நடந்தது. பிள்ளைகள் அதற்கு ஏன் நிறமில்லை என்று கேட்டார்கள். புதிய ரகத்துக்கு, ஓயாமல் வழிகாட்டிய தலைவரைப் பாராட்டி, ‘வைரவன்-1’ என்று பெயர் வைத்தார்கள். வித்தியாசமாக இருப்பதன் அருமையைப் பற்றி வைரவன் ஒரு மணிநேரம் பேசினார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். மரியதங்கத்துக்கு மேடையில் இடமில்லை. நாற்காலிகள் அளவாகத்தான் போட்டிருந்தார்கள்.

விழா முடிந்ததும் நீக்கி வந்து நின்றது.

“வைரவன்-1 வயலில், ஏழாம் வரிசையில் ஒரு செடி வேறு மாதிரி இருக்கிறது. இலை சிறியது. கணுவுக்கு இரட்டைக் கொத்து. நாளை குழு ஆய்வுக்கு வருகிறது. என்ன செய்ய?”

தவமணி கையிலிருந்த இட்லியைப் பார்த்தாள். பிறகு, தூரத்தில் தலைவருக்கு மாலை போட நின்றிருந்த வரிசையைப் பார்த்தாள்.

“எடுத்துரு,” என்றாள். குரலைத் தாழ்த்தி, “மண்ணோட எடு. வேரு அறாம. மரியதங்கக்கா கையில நேரா குடு. குழு கண்ணுல பட வேண்டாம்.”

நீக்கி தன் நினைவகத்தில் இதை ஒரு விதியாக எழுதிக்கொண்டது: ‘ஆய்வுக்கு முன், உருப்படக்கூடியவற்றை உரக்கூடத்துக்கு அனுப்பவும்.’ ஒரே ஓர் உதாரணத்தை வைத்து விதி எழுத அதற்கு அனுமதி கிடையாது. அதனால் பழைய பதிவுகளைத் தேடி, நாற்பத்தொன்றாம் வரிசைச் செடியின் சீட்டுக்குப் பக்கத்தில் மரியதங்கத்தின் மாற்றல் உத்தரவையும் உதாரணமாகச் சேர்த்து வைத்துக்கொண்டது.